அளவுக்கு ஓர் ஆள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இயற்கை இத்தனை யுகங்களாகக் காத்துக்கொண்டிருந்த கலைஞர் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார். மலைகள் இனி நிம்மதியாக நிற்கலாம். ஆறுகள் தயக்கமில்லாமல் ஓடலாம். சூரியன் மட்டும் உதிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கலைஞர் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கலைஞர் என் அக்காவின் கணவர். ஒரு சிமெண்ட் கம்பெனியின் கணக்குத் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்து முப்பது வருஷம் அடுத்தவர்களின் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிய மறுவாரமே கேமரா வாங்கினார். அதற்கு அடுத்த வாரம் ஒரு பெரிய லென்ஸ். அதற்கடுத்த வாரம் அந்த லென்ஸைத் தாங்க ஒரு ட்ரைபாட். அந்த மாதக் கடைசியில் தத்துவம் வந்துவிட்டது.

"நான் படம் எடுக்கிறதில்ல மாப்பிள்ளை. படம் என் மூலமா தன்னைத்தானே எடுத்துக்குது" என்றார் என்னிடம்.

"அப்படின்னா இத்தனை பேட்டரி எதுக்கு" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

குடும்பத்தில் அவர் காதுபட 'அத்தான்', 'சித்தப்பா', 'பெரியவர்' என்று பலவிதமாகக் கூப்பிடுவோம். அவர் காது எட்டாத இடத்தில் எல்லோருக்கும் அவர் 'மேதை'தான்.

மேதைக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் லீவும் என் காரும் என் இடுப்பும் கலைக்கு அர்ப்பணமாகும். என் பிழைப்பு இன்சூரன்ஸ் சர்வே. இடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று படம் எடுத்து, நஷ்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் நானும் படம்தான் எடுக்கிறேன். பம்பர், கதவு, பள்ளத்திலிருந்து கிரேனில் தூக்கிய கார். என் மூலமாக எந்தப் பம்பரும் தன்னைத்தானே எடுத்துக்கொண்டதில்லை. இந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. எந்த மலைப்பாதையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது அழகு இல்லை, தடுப்புச்சுவர் இல்லாத இடம்.

மேதையின் கலைக்கு ஒரே ஒரு கொள்கைதான். "ஒரு மலை பெருசுன்னு பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல பொடிசா ஒரு ஆள் நிக்கணும். அந்த ஆள்தான் அளவு. ஆள் இல்லன்னா மலையும் மண்மேடும் ஒண்ணுதான்."

அந்த ஆள் என் அக்கா.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. எவ்வளவு சதைப்பிடிப்பான கையாக இருந்தாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். வரிசையில் நிற்பவர்கள் அடுத்த கவுண்டர் காலியாக இருந்தாலும் போகாமல், "அந்த அம்மாதான் வேணும்" என்று நிற்பார்கள். அப்படிப்பட்டவள் லீவு போட்டுவிட்டு வந்து அருவிக்கடியில் ஒரு புள்ளியாக நிற்பாள்.

ஒரு பிறந்தநாளுக்கு அத்தான் அவளுக்குச் சிவப்பு மழைக்கோட்டு ஒன்று வாங்கி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாகக் கடைக்குப் போய் வாங்கிய முதல் துணி. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த நிறம் எனக்கு எடுக்குமா?" என்று கேட்டாள். "பச்சைக்கு நடுவுல சிவப்புதான் எடுக்கும்" என்றார். கலங்கின கண் அப்படியே காய்ந்துவிட்டது.

கோட்டைத் தொடர்ந்து சட்டதிட்டங்கள் வந்தன. முதுகைத்தான் காட்ட வேண்டும். முகம் தெரிந்தால் பார்க்கிறவன் கண் அங்கே போய்விடுமாம், மலை அடிபட்டுப் போகுமாம். "என் முகத்துக்கே அடிபட்டுப் போற மலையை எதுக்கு இவ்வளவு தூரம் வந்து எடுக்கிறீங்க" என்று அக்கா கேட்டாள். அவர் அடுத்த சட்டத்துக்குப் போனார். கோட்டுப் பையில் போன் இருக்கக் கூடாது, உருவம் புடைக்கிறது. கண்ணாடி போடக் கூடாது, திரும்பும்போது பளிச்சென்று அடிக்கிறது. தூரத்தில் நிற்பவளுக்குக் குரல் கேட்காது என்பதால் ஜாடை. அத்தான் தொப்பியைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் போ. கையை இரண்டு பக்கமும் விரித்தால் நில். தொப்பியை ஆட்டினால் திரும்பி வா. இவ்வளவையும் ஒரு சாயங்காலம் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

நான் சொல்ல வந்தது போன பயணத்தைப் பற்றி.

முதல் நாள் ஒரு பெரிய நகரம். விடியும் நேரத்தில் ஆற்றுப் பாலத்தை எடுக்க வேண்டும் என்று எங்களை எழுப்பிவிட்டார். லாட்ஜ் அறையில் இருந்த பிளக் எல்லாவற்றிலும் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெந்நீர்க் கெட்டிலுக்கு இடமில்லை. அக்கா பச்சைத்தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, பாலத்தின் நடுவில் போய்க் கைப்பிடியைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்து நின்றாள். நாங்கள் கரையில். கலைஞர் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். வெளிச்சம் அவருக்காக அவசரப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் போன ஒருவர் அக்கா பக்கத்தில் இறங்கி ஏதோ பேசுவது தெரிந்தது. பிறகு இன்னொருவர். பிறகு ஒரு கும்பல். நான் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது சைக்கிள்காரர் அக்காவிடம், "எதுவா இருந்தாலும் வீட்டுல பேசித் தீர்த்துக்கலாம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அதைத்தாங்க நானும் அவர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

அன்று மத்தியானம் அறையில் அத்தான் லேப்டாப்பைத் திறந்து, கடைத்தெருவில் எடுத்த படங்களைக் காட்டினார். அக்கா கட்டிலில் காலை நீட்டிக் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க?"

"இதோ, இந்தச் சிவப்பு."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "இது தபால் பெட்டி" என்றாள்.

அத்தான் படத்தைப் பெரிதாக்கினார். தபால் பெட்டிதான். அக்கா ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தாள். "பரவாயில்ல, அளவுக்குச் சரியாத்தான் இருக்கு" என்று அடுத்த படத்துக்குப் போனார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாதாரணமாக அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. எனக்கு அது என்னவோ போல இருந்தது.

மறுநாள் மலை.

உச்சியில் கார் நிறுத்த ஒரு திடல். அங்கிருந்து புல்மேட்டு முகடு ஒன்று நேராக நீண்டு போகிறது. முகட்டின் மேலே ஒற்றையடிப் பாதை. பாதையோரம் ஆள் உயரத்துக்கு எல்லைக்கற்கள் நட்டிருந்தார்கள். இடது பக்கம் புதரும் மரமுமாகச் சரிந்து இறங்கியது. வலது பக்கம் இறங்கவே இல்லை. அங்கே தரை முடிந்து ஆகாயம் ஆரம்பித்தது. தடுப்புச்சுவர் கிடையாது, கம்பி கிடையாது, 'ஜாக்கிரதை' என்று எழுதின பலகை மட்டும் இருந்தது. அதுவும் விழுந்து கிடந்தது.

"அத்தான், இந்தப் பக்கம் பள்ளம்" என்றேன்.

"அதுதானே அழகு" என்றார்.

அக்கா போனைக் கார் சீட்டில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி அத்தானிடம் கொடுத்தாள். "ரொம்ப தூரம் அனுப்பாதீங்க. கால் வலிக்குது" என்றாள். அவர் குனிந்து ட்ரைபாட்டின் காலைத் திருகிக்கொண்டு, "உம்" என்றார். அந்த 'உம்' ட்ரைபாட்டுக்கா அக்காவுக்கா என்று இன்றுவரை தெளிவாகவில்லை.

அவள் நடந்தாள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் வந்தது. நான் காரில் சாய்ந்து பிஸ்கெட் தின்றபடி, அவள் பாதையின் இடதுபுறமாக நடக்கிறாளா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுபுறம்தான் நடந்தாள். அதற்குள் யாரோ ஒரு காரைக் கொண்டுவந்து என் காருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிறுத்தினார்கள். என் தொழில்புத்தி, பின்னால் போய்ப் பம்பருக்கும் பம்பருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வைத்தது. அவர்களோடு கொஞ்சம் வாக்குவாதம். திரும்பி வந்தபோது சிவப்புப் புள்ளி வெகுதூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அசையாமல் நின்றது. நிம்மதியாக இருந்தது.

அத்தானுக்கும் பரம திருப்தி. "பார்த்தியா மாப்பிள்ளை. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் ஒழுங்கா நிக்கிறா. தலையைச் சொறியறதில்ல, காலை மாத்திக்கிறதில்ல, திரும்பித் திரும்பிப் பார்க்கிறதில்ல. கலைன்னா என்னன்னு புரிஞ்சுபோச்சு அவளுக்கு." ஒரு கையால் தொப்பியை லென்ஸுக்கு மேலே வெயில் படாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எடுத்துத் தள்ளினார்.

பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது. முதலில் ஒரு மெல்லிய துணி போல வந்து முகட்டின் மேல் படிந்தது. "அடடா, அருமை" என்று அத்தான் இன்னும் வேகமாக எடுத்தார். சிவப்பு மங்கி ரோஜா நிறமானது. பிறகு சாம்பல். பிறகு ஒன்றுமே இல்லை. எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி இருந்தது.

அத்தான் தொப்பியை ஆட்டினார். யார் பார்க்க?

"அக்கா" என்று கத்தினேன். மேகத்துக்குள் குரல் போர்வைக்குள் இருமினது போல அமுங்கியது. காருக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தேன். கொஞ்சம் நிறுத்திக் காது கொடுத்தேன். மறுபடி அழுத்தினேன். பின்னால் நின்ற காரின் ஆட்கள் இப்போது சண்டைக்கு வரவில்லை. அவர்களும் இறங்கிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

"வந்துடுவா. பாதைதான் நேரா இருக்கே" என்றார் அத்தான். குரலில் தணிக்கை அதிகாரி இல்லை.

நான் பாதையில் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. முதல் எல்லைக்கல்வரை நடந்தேன், இரண்டாவதுவரை கையை நீட்டித் தடவிக்கொண்டு போனேன். மூன்றாவதற்கு அப்பால் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியாத தரையில் நின்று கூப்பிட்டேன். எங்கோ ஒரு சின்னக் கல் உருளும் சத்தம் கேட்டது. அது என் காலடியில் இருந்து போன கல்லா, வேறு யாருடைய காலடியிலிருந்தா என்று தெரியவில்லை. நான் பார்த்த கிரேன்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. திரும்பிவிட்டேன்.

திடலுக்குக் கீழே முதல் வளைவில் ஒரு போலீஸ் சாவடி. ஒரே அறை. ஆணியில் தொங்கும் ஈரக் கோட்டுகள், ஒரு வயர்லெஸ் பெட்டி, அடுப்பில் கெட்டில், மேஜை. மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள். அத்தான் கேமராப் பையையும் லேப்டாப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர்.

"சண்டை போட நேரமே கிடையாது சார். வெளிச்சம் போயிடும்" என்றார் அத்தான்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் கெட்டிலைப் பார்த்தேன்.

"உயரம்?"

"சராசரி."

"நிறம்?"

"சிவப்பு."

"கோட்டு இல்ல சார், ஆள்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: மாநிறம், கொஞ்சம் பூசின உடம்பு, நரை இருக்கிறது, சாயம் பூசுவதில்லை.

"கண்ணாடி போடுவாங்களா?"

"போடுவா. தூரத்துப் பார்வைக்கு" என்றேன்.

"அது இருந்தா கொஞ்சம் சமாளிச்சுக்குவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அத்தான் சட்டைப் பைக்குள் கைவிட்டு அக்காவின் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு கான்ஸ்டபிள் எழுந்து போய் டார்ச் லைட்டுகளை எடுத்துவந்தார். இன்னொருவர் மூலையிலிருந்த கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டினார். கயிறு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அவங்க போட்டோ ஒண்ணு கொடுங்க. கீழ் ரோட்டுல எல்லா இடத்துக்கும் அனுப்பிடறேன்."

அத்தானுக்கு முகத்தில் உயிர் வந்தது. "இருக்கு சார். நாலாயிரத்துக்கு மேல இருக்கு."

லேப்டாப் திறந்தது. அருவி. அணைக்கட்டு. மணற்குன்று. கலங்கரை விளக்கம். மணிக்கூண்டு. டார்ச்சோடு கிளம்பின கான்ஸ்டபிள்கூட நின்று, "நல்லா இருக்கு சார்" என்றார்.

"இது என்ன கேமரா?" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க வீட்டுலயும் ஒண்ணு வாங்கணும்னு..."

"சார், எங்க அக்கா" என்றேன்.

"ஆமா. இதுல அம்மா எங்க?"

அத்தான் காட்டினார். இன்ஸ்பெக்டர் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினார். சிவப்பாக நாலு கட்டம். அடுத்த படம். சிவப்பாக ஆறு கட்டம், மேலே கறுப்பாக ஒன்று. "இது தலையா?" "தலைதான்." அடுத்தது. அடுத்தது. திரையைத் தள்ளிக்கொண்டே போன அத்தானின் விரல் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. நாலாயிரம் படம், நாலாயிரம் முதுகு.

காரிலிருந்து நான் எடுத்துவந்த அக்காவின் கைப்பையில் அடையாள அட்டை இருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தபோது கொடுத்தது. அதில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் முறைத்துக்கொண்டிருந்தாள். "இவங்களுக்கு இப்ப என்ன வயசு?" "ஐம்பதைத் தாண்டியாச்சு." இன்ஸ்பெக்டர் அட்டையை மேஜைமேல் வைத்தார். நான் என் போனைத் துழாவினேன். பம்பர், கதவு, பம்பர், நடுவில் நாலைந்து இடத்தில் நானே இளித்துக்கொண்டு. அவை அக்கா எடுத்தவை.

"சரி, இன்னைக்கு எடுத்ததைக் காட்டுங்க. எங்க நின்னாங்கன்னாவது தெரியட்டும்."

கேமராவிலிருந்து கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டார். மேகம் மூடுவதற்கு முந்தின படம். நீண்ட முகடு, பொன் வெயில், நடுவில் சிவப்பு. வாழ்நாளில் அவர் எடுத்த மிக அழகான படம் அதுவாகத்தான் இருக்கும். இன்ஸ்பெக்டர் தானே பெரிதாக்கினார். இந்தத் தடவை பெரிய லென்ஸ் என்பதால் உருவம் கட்டம் கட்டமாக உடையவில்லை. அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"சார், கால் எங்க?"

"புல்லு மறைச்சிருக்கும்" என்றார் அத்தான்.

"புல்லு இல்ல. கல்லு."

எல்லைக்கல். அதன் மேல் கோட்டை மாட்டி, முன்பக்கம் பொத்தான் போட்டு, கோட்டோடு சேர்ந்த தலைமூடியைக் கல்லின் உச்சியில் இழுத்துவிட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு படமாகப் பின்னுக்குத் தள்ளினார். கல். கல். கல். வெயில் மாறியது, நிழல் குட்டையானது, கல் அப்படியே நின்றது. "சார், ரொம்ப நேரமா நீங்க கோட்டைத்தான் எடுத்திருக்கீங்க" என்றார். அரை மணிக்கு மேல் இருக்கும். அந்த அரை மணிதான் அவள் ஒழுங்காக நின்றாள் என்று கலைஞர் புகழ்ந்த அரை மணி. அந்த அரை மணியும் நான் நிம்மதியாகப் பிஸ்கெட் தின்றேன்.

கோட்டைக் கழற்றி ஒழுங்காகப் பொத்தான் போட்டுவிட்டு ஒருத்தி எங்கே போவாள்? எனக்குப் பாலத்துச் சைக்கிள்காரர் ஞாபகம் வந்தார். அவர் முகத்தில் இருந்த பயம் இப்போது எனக்கு விளங்கியது. லாட்ஜ் அறையில் அவள் சும்மா இருந்ததும் ஞாபகம் வந்தது.

கால் இருக்கும் படம் ஒருவழியாக வந்தது. அதில் அக்கா திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிரத்தில் முகம் இருக்கும் ஒரே படம். எள்ளளவு முகம். பெரிதாக்கினால் வெளுப்பாக ஒரு கறை, அதில் கண்ணுக்குப் பதில் இரண்டு நிழல். அத்தான் விரலால் அந்தக் கறையைத் தொட்டார். அதற்கு அடுத்த படத்தில் ஒரு கை கோட்டுக்கு வெளியே இருந்தது, உடம்பு இடது பக்கம் திரும்பியிருந்தது.

"இடது பக்கம்னா இறங்க வழி இருக்கு. கீழ் ரோட்டுக்குப் போகும்" என்றார் இன்ஸ்பெக்டர். வலது பக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு வைத்திருந்தவரும் டார்ச் வைத்திருந்தவரும் முகட்டுக்குப் போனார்கள். நாங்கள் இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் கீழ் ரோட்டுக்கு.

ஜீப் மேகத்துக்குள் ஊர்ந்தது. பின்சீட்டில் அத்தான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"நான் அவளை நிக்கச் சொல்லவே இல்ல மாப்பிள்ளை. வெயிலுக்காகத் தொப்பியை லென்ஸ் மேல பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

தூக்கிப் பிடித்தால் இன்னும் போ. கால் வலிக்கிறவள், கண்ணாடி இல்லாதவள், திரும்பிப் பார்த்தபோதெல்லாம் ஒரு தொப்பி தூக்கியபடியே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே பயமாக இருந்தது.

வளைவு வளைவாக இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டிச் சரிவைப் பார்த்தார். வயர்லெஸ் கரகரத்தது. முகட்டுக்குப் போனவர்கள் கல்லையும் கோட்டையும் கண்டுபிடித்துவிட்டார்களாம், ஆள் இல்லையாம், ஓரம்வரை போய்ப் பார்க்கிறார்களாம். ஓரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு மூக்குப் பக்கத்துல ஒரு மச்சம் இருக்கில்ல. எந்தப் பக்கம்?" என்றார் மெதுவாக. "எவ்வளவு யோசிச்சும் வரல."

"அத்தான், மச்சம் எனக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். மணிக்கட்டை விடவில்லை.

கீழ் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு டீக்கடை. தகரக் கூரை, புகை, ஒரு பெஞ்சு. பெஞ்சில் கடைக்காரர் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டி நீட்டியிருந்தார். எதிரே முக்காலியில் கடைக்காரரின் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் அவருடைய முழங்கையின் உள்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்குங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸை எடுத்து, முகட்டில் இருந்தவர்களைத் திரும்பச் சொன்னார்.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "யாருடா, தம்பியா? எங்கடா போனீங்க ரெண்டு பேரும்? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்."

"நீ எங்கக்கா போனே?"

"போன்னா போய்க்கிட்டே இருக்கணுமா? தொப்பி கீழ இறங்குமான்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இறங்கல. கால் விட்டுப்போச்சு. அந்தக் கல்லு என் உயரமே இருந்துச்சு. கோட்டை அதுக்கு மாட்டிட்டு, ஒரு நிமிஷம் இந்தப் பக்கமா மரத்தடியில உக்காரலாம்னு இறங்கினேன். உக்காந்து எழுந்திருச்சா மேகம். மேல எது, கீழ எதுன்னு தெரியல. லாரிச் சத்தம் கேட்ட பக்கமா பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வந்தேன்." முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. கடைக்காரர் மஞ்சள் மருந்து தடவியிருந்தார். "அண்ணன் போன் தர்றேன்னாரு. யார் நம்பர் எனக்கு மனப்பாடமா இருக்கு? எல்லாம் போன்ல இருக்கு. போன் உங்க கார்ல இருக்கு."

"நாங்க ரொம்பப் பயந்துட்டோம்" என்றேன்.

"நான் பயப்படல. அஞ்சு நிமிஷத்துல உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு நெனச்சேன். அது கல்லுன்னு குருடனுக்கும் தெரியும்."

"உடனே தெரிஞ்சுடுச்சுக்கா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தகரக் கூரையைப் பார்த்தார்.

அத்தான் இத்தனை நேரமும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இப்போது வந்து கண்ணாடியை நீட்டினார். அக்கா அதைப் போர்வையில் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, அழுதீங்களா?"

"மேகம் கண்ணுல பட்டுது."

"உக்காருங்க. டீ குடிங்க."

அவர் உட்காரவில்லை. பையைத் திறந்து கேமராவை எடுத்து, லேப்டாப்பிலிருந்த கார்டைத் திரும்ப அதில் போட்டார். பெரிய லென்ஸைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினார். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை மாட்டியது. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாரு" என்றார். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பழக்கதோஷத்தில் எழுந்து முதுகைத் திருப்பினாள். "இல்ல, இல்ல. முகம்" என்றார்.

அக்கா போர்வையை நேராக்கினாள், நெற்றி மயிரை ஒதுக்கினாள், கண்ணாடியைக் கழற்றப் போனாள். "அது இருக்கட்டும்" என்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் அடுப்பின் புகை அந்தப் பக்கம் போகாமல் அட்டையால் விசிறினார். கலைஞர் குனிந்தார், நிமிர்ந்தார், ஒரு அடி கிட்டே போனார், இன்னும் ஒரு அடி கிட்டே போனார். ஒரே ஒரு படம் எடுத்தார். எடுத்துவிட்டுக் கேமராவை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

அக்கா திரையைப் பார்த்தாள். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அக்கா அதில் பாஸ்போர்ட் தொலைத்தவள் போல இருந்தாள். மூக்கு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

அவள் முந்தின படத்துக்கான பொத்தானை அழுத்தினாள். வெள்ளை மேகம். மறுபடி அழுத்தினாள். முகடு, பொன் வெயில், கல்லின் மேல் கோட்டு. மறுபடி. கோட்டு. மறுபடி, மறுபடி. அத்தான் தரையைப் பார்த்தார். நான் டீயை ஊதினேன், அது ஆறிப்போயிருந்தது. அக்கா கடைசிவரை நிதானமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, கேமராவை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல நல்லா நின்னிருக்கேன்" என்றாள்.

உள்ளதைச் சொன்னால், நன்றாக வந்திருந்தவை அந்தப் படங்கள்தான்.